சிவப்புப் பொட்டு இல்லாத விமானம்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டு வந்தபொழுது, தமிழாசிரியரிடமிருந்து இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்து வந்தனர் என்பதை அவர்தம் முகக்குறிப்பே உணர்த்திற்று. நாமும் அவ்வெண்ணத்தோடேயே இரண்டு இரவுகள் எழுத அமர்ந்தோம். எனினும் எண்ணம் ஏட்டில் நில்லாது, கல்லூரி நூல்நிலையத்திலே கண்ணாடிப் பேழையொன்றில் நிற்கும் சிறிய ஆகாய விமானத்தையே மீண்டும் மீண்டும் நாடிச் சென்றது. ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம். விமானம் என்றதும் கருவறையின் மேல் எழும் கட்டடத்தை நினைக்கும் மரபினர் நாம். பழைய மாணவர் எவரேனும் கோணேசர் கோயில் விமானத்தைப் பற்றியது இக்கட்டுரை என்று எண்ணி ஏமாறல் வேண்டா. இது பறக்கும் விமானத்தைப் பற்றியது; அதிலும், ஒருபொழுதும் பறவாத விமானம் ஒன்றைப் பற்றியது.

யூபிலி விழாவையொட்டிக் கல்லூரியில் ஒழுங்கு செய்த கண்காட்சியிலே, எமது ஊரும் உலக யுத்தமும் என்னும் பொருளில் ஒரு மூலை ஒதுக்கப்பட்டது. திருக்கோணமலையிலே வளர்ந்தவர்க்கு இப்பொருளின் தகைமையை விளக்க வேண்டியதில்லை. 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5 ஆந் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும், 9 ஆந் திகதி திருக்கோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வேளையிலே சீனக்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்துப் பொருதவை ஹரிகேன் விமானங்கள். இலண்டனில் வாழும் பழைய மாணவர் ஒருவர், கண்காட்சிக்கென ஹரிகேன் மாதிரி ஒன்றின் பிளாஸ்ரிக் உறுப்புக்கள் அடங்கிய பெட்டியை அனுப்பியிருந்தார். அதனைப் பொருத்தி முடிக்கும் பணி எம்மிடம் வந்தது. ஆசிரிய கலாசாலையிலே பயின்ற நாட்களிற் கற்பித்தற் சாதனங்கள் செய்யப் பழகிய கை இது. கத்தரிக்கோலும் பிசினும் மட்டையும் கண்டால் இன்றும் சும்மா இராது. விஞ்ஞான ஆசிரியர்கள் இருக்கத் தமிழாசிரியர்க்கு ஏன் இவ்வேலை என்று வியந்தவர்க்கு நாம் அளித்த விடை இதுவே.

ஒன்றை மறையாது கூறல் வேண்டும். விமான ஓசை கேட்டதும் அண்ணாந்து பாராது பதுங்குகுழியை நாடி ஓடிய தலைமுறையினர் நாம். போர் விமானம் ஒன்றைக் கையிலெடுத்து அழகு பார்க்கும் விருப்பம் எமக்கு இயல்பாக எழவில்லை. பெட்டி இரண்டு கிழமை திறவாமலே இருந்தது. திறக்கச் செய்தவன் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன். அவனுக்கு விமானம் என்பது கண்ணுக்கு இனிய வடிவம் மாத்திரமே. அவன் பிறந்த காலம் அவனுக்கு அளித்த பேறு அது.

பெட்டியின்மேல் 1:72 என்று அளவு பொறித்திருந்தது. மெய்ப்பொருளில் ஆறடியாய் உள்ளது மாதிரியில் ஓரங்குலம் ஆகும் என்பது அதன் பொருள். ஆறடி, நெடிய மனிதன் ஒருவனின் உயரம். எனவே இவ்விமானத்தின் அருகே ஓரங்குல மனிதனை நிறுத்தலாம். இரண்டாம் உலக யுத்த காலத்திலே, வானில் வருவது நண்பனோ பகைவனோ என்று வடிவங்கண்டு அறிய வீரரைப் பழக்குவதற்கும் இதே அளவில் மாதிரிகள் செய்யப்பட்டன. ஹரிகேனின் சிறகு ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 40 அடி. மாதிரியில் அது ஏறக்குறைய 169 மில்லிமீற்றர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. சிட்னி காம் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்விமானம் 1935 நவம்பரில் முதன்முறை பறந்தது. பின்னர் 14,000 இற்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. அதன் பின்னுடல் உலோகத் தகட்டாலானதன்று. சட்டத்தின்மேல் துணி போர்த்தது. துணியின் கீழ் சட்டங்கள் தெரிவதை மாதிரியிலும் மெல்லிய வரம்புகளாக வார்த்திருந்தனர். முதுகு சற்றே கூனியிருக்கும். அழகில் ஸ்பிற்பயருக்கு இளையதே. ஆயினும் எமது ஊரைக் காக்க எழுந்தது இதுவே.

உறுப்புக்களை ஒட்டியதையும், அராவியதையும், மேற்புறத்திலே பச்சையும் மண்ணிறமுமாக உருமறைப்பு வர்ணம் பூசியதையும் இங்கு விரித்துரைக்கப் போவதில்லை. பொறுமையுடைய எவரும் அதனைச் செய்யலாம். இடர் அதன்பின்னரே தொடங்கிற்று.

இத்தகைய மாதிரிகளோடு டெக்கல் எனப்படும் ஒட்டுப்படத் தாள் ஒன்றும் வரும். பிரெஞ்சு மொழிச் சொல்லொன்றின் குறுக்கம் அது. தாளின்மேல் நீரிற் கரையும் பசை, அதன்மேல் மெல்லிய ஏடு, ஏட்டின்மேல் படம். நீரில் நனைத்தாற் பசை கரைந்து படம் தாளைவிட்டு வழுகும். வேண்டிய இடத்திலே வழுக்கிப் பதித்துவிடலாம். பீங்கான் கோப்பையிற் காணும் பூவும், எமது தந்தையர் ஓட்டிய ராலி, ஹம்பர் துவிச்சக்கர வண்டிகளின் சட்டத்திலே மின்னிய பெயரும் இவ்வினத்தனவே. விமானத்துக்கு அதன் நாட்டையும் படையையும் எண்ணையும் கொடுப்பவை இவ்வொட்டுப்படங்கள். இவை இல்லாதவரை மேசையில் நிற்பது ஹரிகேன் என்னும் சாதி. இவை ஏறியபின் அது இன்ன ஆண்டில் இன்ன களத்தில் நின்ற ஒரு தனி விமானம். கோயிலிலே சிற்பி விக்கிரகத்தை முற்றாகச் செதுக்கியபின், கண்திறத்தலை மாத்திரம் இறுதிக்கென விட்டுவைப்பதை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம்.

பெட்டியோடு வந்த ஒட்டுப்படங்கள் 1940 இல் இங்கிலாந்து வானிற் பொருத விமானமொன்றுக்கு உரியவை. சிறகிலும் உடலிலும் ஒட்டுதற்குரிய வட்டங்கள் அனைத்தின் நடுவிலும் செக்கச் சிவந்த பொட்டு. அவற்றை அப்படியே ஒட்டிவிடலாம் என்றே நாமும் மாணவனும் இருந்தோம். அதற்கு முன், எமக்கு ஆறாந் தரத்திலே கணிதம் கற்பித்த ஆசிரியரை ஒருமுறை கண்டு வருவோம் என்று சென்றோம். தொண்ணூறைக் கடந்தவர், குண்டு விழுந்த ஆண்டில் எட்டு வயதுச் சிறுவராய் இவ்வூரில் இருந்தவர். கண்ணொளி மங்கிவிட்டது, மனக்கணக்கு மங்கவில்லை.

விமானத்தின் நிறத்தை நாம் விவரித்தபொழுது அவர் இடைமறித்தார்.

"நடுவிலே சிவப்பு இல்லை, தம்பி. நான் பார்த்த விமானத்தில் நீல வளையம். அதற்குள்ளே ஒரு வெளிறின நிறம். வெள்ளை என்று சொல்ல ஏலாது. வேட்டி தோய்க்கும்போது நீலம் கூடிப்போனால் ஒரு நிறம் வருமே, அது."

"சேர், பெட்டியிலே சிவப்புத்தானே இருக்கு?" என்றான் மாணவன்.

"பெட்டி செய்தவன் சீனக்குடாவுக்கு வந்தவனோ?" என்றார் அவர்.

அவர் சிரித்தாரெனினும் அதிலே ஒரு வருத்தம் இருந்தது. இதனை அவர் சொல்வது இது முதன்முறையன்று என்பதும், ஒவ்வொரு முறையும் கேட்டோர், 'பிள்ளைப் பருவத்து நினைவு. பிரித்தானிய விமானத்துக்கு நடுவிற் சிவப்புத்தான்' என்று படங்காட்டித் திருத்தி வந்தனர் என்பதும் அவருடைய மகள் வாயிலாக அறிந்தோம். பிறர் கணக்கையெல்லாம் அறுபது வயதுவரை திருத்திய மனிதரைத் தம் கண்ணாற் கண்ட ஒன்றிலே பிறர் திருத்துவதைப் பொறுத்துக்கொண்டு எத்தனை ஆண்டு இருந்திருப்பார்!

நூல்களில் நாமும், கணினியில் மாணவனும் தேடினோம். அக்காலத்துப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை; அவற்றிலே சிவப்பும் நீலமும் ஒரே இருளாகத் தோன்றுவது பலவேளை உண்டு. ஆதலின் படங்களை மாத்திரம் நம்பாது, வட்டச் சின்னங்களின் வரலாற்றைத் தேடினோம். விடை தெளிவாகவே கிடைத்தது. யப்பானிய விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். கணப்பொழுதிலே சுட வேண்டிய வீரன், சிவப்பு என்று கண்டதும் சுட்டுவிடுவான். வளையத்தை எண்ணிக்கொண்டு நில்லான். ஆதலின் யப்பானியரை எதிர்கொண்ட படைகள் தத்தம் விமானங்களிலிருந்து சிவப்பை நீக்கின. ஐக்கிய அமெரிக்கர் 1942 மே மாதத்திலே தமது நட்சத்திரத்தின் நடுவிலிருந்த செம்பொட்டை நீக்கினர். பிரித்தானியரும் இப்பக்கத்திலே அவ்வாண்டின் நடுப்பகுதி தொடக்கம் சிவப்பைக் களைந்தனர். முதலில் நீலமும் வெள்ளையுமாக இருந்தது. வெள்ளை தொலைவிலிருந்தே பளிச்சிட்டுக் காட்டிக் கொடுத்தமையால் அதனோடு நீலம் கலந்து மங்கச் செய்தனர். 1943 ஆம் ஆண்டளவில் அடர்ந்த நீலத்துள் வெளிர்நீலம் என்னும் வடிவம் வழக்கில் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தலைமையில் அமைந்து, பின்னர்க் கண்டிக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட தென்கிழக்காசியப் படைத்தலைமையின் பெயராலேயே அச்சின்னத்தை இன்று அழைக்கின்றனர்.

நீலங் கூடிப்போன வேட்டி! எத்துணை நுட்பமான சொல். வெள்ளைக்கு நீலம் கலந்து வெளிறச் செய்தனர் என்று நூல் நான்கு வரியிற் சொன்னதை, எட்டு ஒன்பது வயதுக் கண் ஒரே பார்வையிற் கண்டு வைத்திருந்தது.

மறுநாளே இதனை அவரிடம் சொல்ல ஓடினோம். சொல்லும்பொழுதே இன்னொரு சிக்கல் எமக்குப் புலனாயிற்று. அவர் கண்டது உண்மையாயின், 1942 ஏப்ரல் 9 இல் அவர் அதனைக் கண்டிருக்க முடியாது. அன்று எழுந்த ஹரிகேன்களில் சிவப்பு இருந்தது. இதனை எவ்வாறு சொல்வது என்று தயங்கினோம். அவர் தயங்கவில்லை.

"அன்றைக்கு நான் ஒன்றையும் பார்க்கவில்லை, தம்பி. அம்மா என்னைக் குழிக்குள்ளே படுக்கவைத்துச் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிப்போட்டா. சத்தந்தான் கேட்டது. விமானம் பார்த்தது பிறகு."

குண்டு விழுந்த காலத்திலே கண்டேன் என்று அவர் சொல்லி வந்ததைக் கேட்டவர், குண்டு விழுந்த நாளிலே கண்டதாகக் கொண்டனர். சூறாவளி வந்த காலம், குண்டு விழுந்த காலம், இடம்பெயர்ந்த காலம் என்று நாட்களை அளப்பது எம்மவர் வழக்கு. அக்காலம் ஒரு நாளாகவும் இருக்கலாம், மூன்றாண்டாகவும் இருக்கலாம்.

பின்பு அவர் விரித்துச் சொன்னார். தந்தையார் துறைமுகத்தில் வேலை செய்தவர். ஊரைவிட்டு நகர அவருக்கு அனுமதி இல்லை. குண்டு விழுந்த மறுநாள் தாயாரும் பிள்ளைகளும் மாட்டு வண்டியிலேறித் தம்பலகாமத்து உறவினர் வீட்டுக்குச் சென்றனர். சிலகாலம் கழித்துத் தந்தையார் சைக்கிளில் வந்து, மூத்தவரான இவரை முன்னாலே ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். வரும் வழியிலே சீனக்குடாவில், முட்கம்பிக்கு இப்பால் சைக்கிளை நிறுத்தி, 'பார், இவைதான் எங்களுடைய விமானம்' என்று காட்டினார். கூனல் முதுகோடு மூன்று நின்றன. அவ்வளவே அவர் கண்டது.

"அது எத்தனை மாதம் கழித்து, சேர்?" என்றோம்.

"மூன்று நாலு மாதம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்." சற்று நேரம் விரல் மடக்கினார். "நீ சொல்லுகிற நிறம் வந்தது நாற்பத்து மூன்றிலே என்றால், ஒரு வருஷத்துக்கு மேலே நாங்கள் தம்பலகாமத்தில் இருந்திருக்கிறோம். எனக்கு ஒன்பது வயது, இல்லையென்றால் பத்து." மீண்டும் பேசாதிருந்தார். "நாலு பிள்ளைகளோடே ஒரு வருஷத்துக்கு மேலே பிறத்தியார் வீட்டிலே. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை."

நாம் வேறொன்றும் கேளாது எழுந்து வந்தோம்.

கண்காட்சிக் குழுவிலே வழக்கெழுந்தது. விமானத்தின் அடியில் வைப்பதற்கென, 1942 ஏப்ரல் 9 இல் திருக்கோணமலையைக் காத்த விமானம் என்று அட்டை முன்னரே அச்சாகியிருந்தது. குழுவில் ஒருவர், செம்பொட்டு எடுப்பாக இருக்கும், வருகின்றவர் கண்ணுக்கும் பிடிக்கும், முதியவர் ஒருவரின் நினைவுக்காக அதனை நீக்குவதா என்றார். இன்னொருவர், ஒட்டுப்படம் கைவசம் இருக்க ஏன் வீண்வேலை என்றார். அவர்கள் கூற்றிலும் நியாயமுண்டு: அட்டையிலுள்ள திகதி நிற்குமாயின் சிவப்பும் நிற்றல் வேண்டும்; அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்நாளைய விமானத்தை அருகில் நின்று கண்டவர் எவரும் எம்மிடம் இல்லை. பிந்திய நாளைய விமானத்தைக் கண்டவர் ஒருவர் இருக்கின்றார். கண்டதைச் சொல்லி நெடுங்காலம் பொய்யர்போல் ஆக்கப்பட்டும் இருக்கின்றார். இரண்டிலொன்றைத் தெரிவதாயின் அவர் கண்டதையே தெரிவோம் என்றோம். அதிபர் அவர்கள் இருபக்கமும் கேட்டபின், "அட்டையை மாற்றுவது எளிது" என்று முடித்து வைத்தார்.

அட்டையை மாற்றுவது எளிதுதான். ஒட்டுப்படத்தை மாற்றுவது அத்துணை எளிதன்று.

பெட்டியில் வந்த வட்டத்தின் சிவப்பின்மேல் வெளிர்நீலத்தைப் பூசிவிடலாமே என்றான் மாணவன். அளவு பொருந்தாது, பிந்திய சின்னம் சிறிது, அதனுள் நடுவட்டத்தின் விகிதமும் வேறு. கணினியில் வரைந்து அச்சிடலாமே என்றான். அச்சிட்டுப் பார்த்தான், தாளில் அழகாகவே இருந்தது. ஆயினும் பள்ளிக்கூட அச்சுப்பொறிக்கு வெள்ளை என்றொரு மை கிடையாது. வெளிர்நீலம் என்று நாம் காண்பது, தாளின் வெண்மைமேல் ஐதாகத் தூவிய நீல மையே. அதனைத் தெளிந்த ஏட்டிலே அச்சிட்டு மண்ணிறத்தின்மேல் ஒட்டினால், கீழுள்ள மண்ணிறம் மேலெழுந்து வெளிர்நீலத்தை விழுங்கிவிடும். வெண்மைக்கு வேறு வழி காணவேண்டும்.

ஆகவே பழைய வழிக்கே திரும்பினோம். வழவழப்பான தடித்த தாளொன்றில், நீரிற் கரைத்து வடித்த வேலம் பிசினை மெல்லிதாக இருமுறை பூசினோம். காய்ந்தாற் பொருக்கு வெடிக்கும் இயல்பினது பிசின். அதனைத் தடுக்கச் சிறுதுளி தேன் சேர்த்தோம். கலாசாலையிலே சுவர்ப்படத்துக்கு வர்ணங் குழைக்கும்பொழுது கற்றுக்கொண்ட உபாயம் அது. பிசின் காய்ந்தபின், தளபாடத்துக்குப் பூசும் தெளிந்த லக்கரை மூன்று பூச்சாக, ஒவ்வொன்றும் காயவிட்டுப் பூசினோம். ஒரு நாள் முழுவதும் காய்ந்தபின் எமக்கு வேண்டிய ஏடு கிடைத்தது: கீழே நீரிற் கரையும் பசை, மேலே நீரிற் கரையாத தோல்.

அத்தோலின்மேல் வட்டம் வரைதல் வேண்டும். சட்டைப் பொத்தானிலும் சிறிய வட்டங்கள். மை ஏந்தும் அலகு பூட்டிய வில்லுக் கவராயம் ஒன்று வரைதற் கலை அறையின் அலுமாரியிலே துருவேறிக் கிடந்தது. அதனைத் துலக்கி, எனாமல் வர்ணத்தைத் தின்னர் விட்டு இளக்கி, அலகிடையிலே துளிதுளியாக ஏற்றினோம். வர்ணம் தடித்தால் அலகிலிருந்து இறங்காது. இளகினால் ஒரேயடியாகக் கொட்டும். கவராயத்தின் முள் நடுவிலே ஏட்டைத் துளைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு நடுவிலும் பிளாஸ்ரிக் துண்டொன்றைச் சிறிதளவு மெழுகால் ஒட்டி, அதன்மேல் முள்ளை ஊன்றினோம். முதலில் வெள்ளைத் தட்டு. அது காய்ந்தபின் அதன்மேல் வெளிர்நீலம். அதன்பின் சுற்றிவர அடர்நீல வளையம். இவற்றின்மேல் இன்னுமொரு பூச்சு லக்கர். சிறகின் மேலிரண்டு, கீழிரண்டு, உடலின் இருமருங்கும் ஒவ்வொன்று, ஆக ஆறு வட்டங்களும், வாலுக்கு இரு சிறு பட்டைகளும் வேண்டும். மாணவன் பன்னிரண்டு வட்டம் வரைந்தான். வகுப்பிலே ஒரு வாக்கியத்தை இருமுறை எழுதச் சொன்னாற் சோர்வடையும் பிள்ளை, இங்கே நான்கு வட்டத்தைத் தானாகவே தள்ளிவிட்டு மீண்டும் வரைந்தான். கற்பித்தல் பற்றி எமக்குள்ள சில உறுதியான கருத்துக்கள் அன்று தளர்ந்தன.

வெளிர்நீலத்தைக் குழைத்தபொழுது நாம் நூலைப் பார்க்கவில்லை. நூலிலுள்ள நிறமும் அச்சகத்தான் கலந்த மைதானே! வீட்டிலே பழைய வேட்டியொன்றை எடுத்து, இல்லாளின் ஏச்சுக்கும் ஆளாகி, நீலத்தை வேண்டுமென்றே கூட்டிப்போட்டு அலசிக் காயவைத்தோம். அத்துண்டைச் சாளரத்தருகே பிடித்து, வெள்ளை வர்ணத்திலே நீலத்தைத் துளிதுளியாகக் கலந்து ஒத்துப்பார்த்தோம். பின்னர் நூற்படத்தோடு ஒப்பிட்டபொழுது இரண்டும் ஒன்றுக்கொன்று அயலாகவே இருந்தன.

ஒட்டும் நாளிலே காற்றாடியை நிறுத்தினோம். உருமறைப்பு வர்ணம் மங்கலானது. மங்கலென்பது நுண்ணிய கரடுமுரடு. அதன்மேல் நேரே ஒட்டினாற் பள்ளங்களிற் காற்று அகப்பட்டு, ஏடு வெள்ளி பூத்தாற்போல் மின்னிக் காட்டிக்கொடுக்கும். ஆதலின் ஒட்டுமிடங்களில் முன்னரே மினுக்கமான தெளிபூச்சு இட்டிருந்தோம். வட்டத்தைச் சவர அலகால் ஓரத்தோடு வெட்டி, இளஞ்சூட்டு நீரிலே மிதக்கவிட்டோம். கடையில் வாங்கிய ஒட்டுப்படம் அரை நிமிடத்தில் இளகும்; எமது பிசின் மூன்று நிமிடம் எடுத்தது. மாணவன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். திடீரென வட்டம் தாளின்மேல் ஒரு நூலளவு நகர்ந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஈரத் தூரிகையால் அதனைச் சிறகுக்கு வழுக்கி, நிலைநிறுத்தி, ஈரத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி நீரை வெளியேற்றினோம். பின்னுடலின் துணி வரம்புகளில் மாத்திரம் ஏடு முரண்டு பிடித்தது. வெந்நீரிற் பிழிந்த துணியை அதன்மேல் வைத்து அழுத்த, மெல்லப் பணிந்து வரம்போடு வரம்பாகப் படிந்தது. ஓரிடத்திலே காற்றுக் குமிழ் ஒன்று எஞ்சிற்று. ஊசியாற் குத்தித் தெளிபூச்சில் ஒரு துளி விட, அதுவும் அடங்கிற்று. முடிவில் எல்லாவற்றின்மேலும் மங்கற் பூச்சு இட்டபொழுது, ஒட்டியது எது, பூசியது எது என்று கண்ணால் வேறுபிரிக்க இயலவில்லை. வீட்டில் செய்த ஏடு சற்றுத் தடிப்பானது. விரலால் தடவினால் மாத்திரம் தெரியும்.

எஞ்சியது எண். பிரித்தானிய விமானம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமான தொடரிலக்கம் ஒன்று பின்னுடலில் எட்டு அங்குல உயரத்தில் எழுதியிருக்கும். மாதிரியில் அது மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு. மாணவன் நூலிலிருந்து ஓரிலக்கத்தைத் தெரிந்து வைத்திருந்தான். முதியவர்க்கு இலக்கம் எதுவும் நினைவில்லை. "நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்" என்றார், கணித ஆசிரியரின் அச்சொல்லை நாம் நம்பினோம். யாரோ ஒருவர் ஏறிப்பறந்த, ஒருவேளை ஏறி இறந்தும் போன விமானத்தின் இலக்கத்தை எடுத்து, முட்கம்பிக்கு அப்பால் நின்றது இதுவே என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. நிலாவெளி வீதியிலுள்ள யுத்தக் கல்லறையைக் கடந்துசெல்லும் ஊரவர்க்கு இத்தயக்கம் விளங்கும். இலக்கம் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாகவே விட்டோம். கண்காட்சிக்கு வந்தோருள் மாதிரி விமானங்களிற் பழக்கமுடைய ஒருவர், வேலை முற்றுப்பெறவில்லையே என்றார். இவ்வளவே எமக்குத் தெரியும் என்றோம்.

புதிய அட்டையிலே, சீனக்குடாவில் ஒரு சிறுவன் தன் தந்தையோடு கண்ட ஹரிகேன், ஏறக்குறைய 1943 அல்லது 1944 என்று மாணவன் தன் கையால் எழுதினான். முன்னைய அட்டையைவிட இதன்முன் மக்கள் நெடுநேரம் நின்றதாக அவன் சொல்கின்றான். பக்கச்சார்புடைய சாட்சி ஆதலின் நாம் அதனை வற்புறுத்தவில்லை.

கண்காட்சி முடிந்து விமானத்தைப் பேழையில் வைப்பதற்கு முன்னர், ஒரு மாலை அதனை முதியவர் வீட்டுக்குக் கொண்டு சென்றோம். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவர் கையை நீட்டி, விமானத்தை உள்ளங்கையில் ஏந்தி வாங்கினார். கூனல் முதுகைத் தடவினார். சிறகின்மேல் பெருவிரல் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. அங்கே ஒரு வட்டம் தட்டுப்படுகின்றது என்றார். இதுதானா என்று கேட்டார். இதுதான் என்றோம். நிறம் எப்படி என்றார். சாயமேற்றிய வேட்டித் துண்டை மாணவன் அவர் மடியில் வைத்து, வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் காட்டினான். அவர் அதனைக் கண்ணுக்கு மிக அருகிற் பிடித்துப் பார்த்தார்.

"ஆறடிக்கு ஓரங்குலம் என்றல்லவா சொன்னாய்?"

"ஓம், சேர்."

"அப்பா ஐந்தரை அடி." உதடு அசைந்தது, தாள் வேண்டியிருக்கவில்லை. "பன்னிரண்டிற் பதினொரு பங்கு. ஓரங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய."

பெருவிரலையும் சுட்டுவிரலையும் அவ்வளவுக்கு விரித்து, விமானத்தின் சிறகுக்குச் சற்று அப்பால், முட்கம்பி இருந்திருக்கக்கூடிய தூரத்திலே மேசைமேல் ஊன்றினார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு, "தம்பிமாரே, தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்றார்.